குறைந்த செலவில் ஒரு பிரீபெய்டு எண்: எந்தச் சேவை யாருக்குப் பொருந்தும்?

தமிழ்நாட்டில் இன்று பிரீபெய்டு சிம் வாங்க நினைப்பவர் முன்னால் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகிய நான்கு நிறுவனங்களே இருக்கின்றன. இவற்றில் மலிவானது எது என்று கேட்டால், கடைக்காரர் ரீசார்ஜ் தொகையைச் சொல்வார்; விளம்பரங்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று சொல்லும். அளவாகப் பேசி, அளவாக நெட் பயன்படுத்தும் குடும்பத்துக்கு இந்த இரண்டு கணக்குகளும் உதவுவதில்லை. ஓர் எண்ணை ஆண்டு முழுவதும் நடப்பில் வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது, அந்த எண்ணுக்கு வீட்டின் உள்ளறையில் டவர் கிடைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நான்கு சேவைகளையும் இங்கே எடைபோடுகிறேன். நான் குறிப்பிடும் விலைகள் 2024 ஜூலையில் ஏற்பட்ட கட்டண உயர்வுக்குப் பின்னரும் 2025இலும் நடப்பில் இருந்தவை. பணம் கட்டும் நாளில் அவற்றை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் 28 நாள் வேலிடிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை ரீசார்ஜ் செய்வதாகவே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 28 நாள் திட்டத்தை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை போட்டால் 336 நாள்களே ஆகும், பதின்மூன்றாவது முறையும் போட்டால்தான் ஆண்டு முடியும். 2024 ஜூலையில் ஏர்டெல்லின் அடிப்படைத் திட்டம் 179 ரூபாயிலிருந்து 199 ரூபாயாகவும், ஜியோவின் அடிப்படைத் திட்டம் 155 ரூபாயிலிருந்து 189 ரூபாயாகவும் உயர்ந்தன. இரண்டிலும் 28 நாளுக்கு மொத்தமாக 2 ஜிபி டேட்டாவும் வரம்பற்ற அழைப்புகளும் உண்டு. பதின்மூன்று முறை என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு முறையே 2,587 ரூபாயும் 2,457 ரூபாயும் ஆகின்றன. கையில் 200 ரூபாய் மட்டுமே உள்ள நாளில் இந்தத் திட்டங்கள் கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. நாளொன்றுக்கு ஏழு ரூபாயை நெருங்கும் இந்தச் செலவை மலிவு என்று மட்டும் ஏற்க முடியாது.

இந்த 28 நாள் வழக்கத்தைப் பற்றி எழுந்த புகார்களைத் தொடர்ந்து, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி கொண்ட திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றையும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவிட்டது. ஜியோவின் 319 ரூபாய்த் திட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. நாளுக்கு 1.5 ஜிபி தரும் அத்திட்டத்தைப் பன்னிரண்டு முறை போட்டால் 3,828 ரூபாய், அதே 1.5 ஜிபியைத் தரும் 299 ரூபாய், 28 நாள் திட்டத்தைப் பதின்மூன்று முறை போட்டால் 3,887 ரூபாய். விலைப் பட்டியலில் இருபது ரூபாய் அதிகமாகத் தெரிவதுதான் ஆண்டுக் கணக்கில் குறைவாக முடிகிறது. சம்பளத் தேதியை ஒட்டி ரீசார்ஜ் செய்பவர்களுக்குத் தேதி மாறாமல் இருப்பதும் ஒரு வசதிதான். முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாகக் கட்ட முடிந்தவர்கள், அதே 1.5 ஜிபியை 84 நாளுக்குத் தரும் 799 ரூபாய்த் திட்டத்தைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பதரை ரூபாய்தான் ஆகிறது. ஏர்டெல்லில் அதே அளவு டேட்டாவுக்கு 84 நாளுக்கு 859 ரூபாய். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் வேறு இணைய வசதி இல்லாதவர்களுக்கும், ஊரில் டவர் சரியாக இருக்குமானால், ஜியோவின் 799 ரூபாய்த் திட்டத்தையே நான் பரிந்துரைப்பேன்.

நான் அதிகம் அக்கறைப்படுவது வேறு ஒரு வகையினரைப் பற்றி. பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும், ஸ்மார்ட்போன் இருந்தும் நெட் போடாத பெரியவர்களும் பல ஆண்டுகளாகத் தாங்கள் ஒருபோதும் தொடாத டேட்டாவுக்குச் சேர்த்தே பணம் கட்டி வந்தார்கள். பேசுவதற்கு மட்டும் திட்டம் கேட்டால், கடையில் அப்படி ஒன்று கிடையாது என்ற பதிலே கிடைத்தது. 2024 டிசம்பரில் டிராய் தன் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான வவுச்சர்களை, அதாவது ரீசார்ஜ் திட்டங்களை, நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்றும், சிறப்பு வவுச்சர்களின் வேலிடிட்டியை 90 நாள் என்ற பழைய வரம்பைத் தாண்டி 365 நாள்வரை நீட்டிக்கலாம் என்றும் அறிவித்தது. அண்மைக் காலத்தில் இத்துறையில் வந்த உத்தரவுகளில் ஏழை எளிய குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

2025 ஜனவரியில் இத்திட்டங்கள் வெளிவந்தன. ஏர்டெல் முதலில் 84 நாளுக்கு 499 ரூபாய், 365 நாளுக்கு 1,959 ரூபாய் என்று விலை வைத்தது. புதிய விலைகளைப் பரிசீலிப்பதாக டிராய் தெரிவித்த சில நாள்களில் அவை 469 ரூபாயாகவும் 1,849 ரூபாயாகவும் குறைக்கப்பட்டன. ஜியோவிலும் 458 ரூபாய் 448 ரூபாயாகவும், 1,958 ரூபாய் 1,748 ரூபாயாகவும் இறங்கின. விலையில் ஜியோ 101 ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும் இரண்டின் வேலிடிட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: ஜியோவின் திட்டம் 336 நாள், ஏர்டெல்லின் திட்டம் 365 நாள். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஜியோவில் 5 ரூபாய் 20 காசு, ஏர்டெல்லில் 5 ரூபாய் 7 காசு. ஆக, தொகை அதிகமுள்ள ஏர்டெல்லே இங்கே சற்று மலிவு. ஆண்டுக்கு ஒரே தேதியில் ரீசார்ஜ் செய்தால் போதும் என்பதால் வெளியூரில் இருந்தபடி பெற்றோரின் எண்ணைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அது எளிது. இரண்டிலும் 3,600 எஸ்எம்எஸ் உண்டு.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஏர்டெல்லில் முன்பு 1,999 ரூபாய்க்கு ஓராண்டு வேலிடிட்டியோடு 24 ஜிபி டேட்டாவும் கிடைத்து வந்தது. டேட்டா முழுவதையும் எடுத்துவிட்ட புதிய திட்டத்தில் குறைக்கப்பட்ட தொகை 150 ரூபாய் மட்டுமே. டேட்டா வேண்டுவோருக்கான ஓராண்டுத் திட்டமோ 30 ஜிபியுடன் 2,249 ரூபாய்க்குப் போய்விட்டது. பயன்படுத்தாத ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்ற உத்தரவின் பயன் வாடிக்கையாளரின் கைக்கு முழுமையாக வந்து சேரவில்லை. மேலும், இத்திட்டங்கள் ரீசார்ஜ் செயலிகளின் முதல் திரையில் தென்படுவது அரிது. பட்டியலை வெகுதூரம் தள்ளிக்கொண்டே போய், தனிப் பிரிவு ஒன்றைத் திறந்தால்தான் அவை கண்ணில் படும். எழுபது வயதுக்காரர் ஒருவர் தாமாகவே அதைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கடையில் ரீசார்ஜ் செய்பவர்கள் தொகையை எண்ணாகவே சொல்லிக் கேட்பது பாதுகாப்பானது.

திட்டத்தை முடிவு செய்வதற்கு முன் கையில் இருக்கும் போனையும் பார்க்க வேண்டும். ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கும்போதே 4ஜியாகத் தொடங்கிய சேவை. அதற்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. ஆகவே பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அத்தகைய போனை மாற்ற மனமில்லாத பெரியவர்களுக்கு ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் என்ற மூன்றில் ஒன்றுதான் வழி. போனையும் மாற்றத் தயார் என்றால், 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு அறிமுகமான ஜியோபாரத் போன் கவனிக்கத்தக்கது. அதற்கென்றே உள்ள 123 ரூபாய்த் திட்டத்தில் 28 நாளுக்கு வரம்பற்ற அழைப்புகளும் 14 ஜிபி டேட்டாவும் கிடைக்கின்றன. பதின்மூன்று முறை போட்டாலும் ஆண்டுக்கு 1,599 ரூபாய்தான். மேலே சொன்ன அழைப்புத் திட்டங்கள் இரண்டையும்விட இது குறைவு. ஆனால் அந்தப் போனில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும், அந்தத் திட்டமும் அந்தப் போனுக்கு மட்டுமே உரியது. நாளை உங்கள் தெருவில் ஜியோ டவர் சரியில்லாமல் போனால் எண்ணோடு போனையும் மாற்ற வேண்டியிருக்கும். அதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

டவர் விஷயத்தில் ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு நிலைமை மாறுகிறது. மாநில அளவில் இந்த நிறுவனமே சிறந்தது என்று எவர் சொன்னாலும் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தங்கள் சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடங்களை நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் வெளியிட வேண்டும் என்று டிராய் பணித்திருப்பதால், வீடு இருக்கும் இடத்தை அதில் தேடிப் பார்க்கலாம். எனினும் வரைபடம் தெருவரைதான் பேசும். கான்கிரீட் கூரைக்கு அடியில், சமையலறையின் மூலையில் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரே வழி, அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ உள்ளே அழைத்து ஓர் அழைப்புப் போட்டுப் பார்ப்பதுதான். வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, போனிலும் வைஃபை அழைப்பு வசதி இருந்தால், ஜியோவிலும் ஏர்டெல்லிலும் டவர் இல்லாத அறையில்கூடத் தடையின்றிப் பேசலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வீட்டில் வைஃபை உள்ளவர்கள் அழைப்பு மட்டுமான திட்டத்தை எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். வெளியே யூபிஐயில் பணம் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராது.

பிஎஸ்என்எல்லைப் பற்றி எழுதும்போது மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2024 ஜூலையில் மற்ற மூன்று நிறுவனங்களும் விலையை உயர்த்தியபோது அது உயர்த்தவில்லை. பலர் அந்த நிறுவனத்துக்கு மாறினார்கள். டிசிஎஸ், தேஜஸ் நெட்வொர்க்ஸ், சி-டாட் ஆகியவை சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய அதன் 4ஜி வலையமைப்பு 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று இந்தச் சந்தையில் நிலைத்து நின்றால்தான் மற்றவர்களின் விலையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறவன் நான். ஆனாலும் விலையை ஏற்றாமல் வேலிடிட்டி நாள்களைக் குறைப்பது அங்கே வழக்கமாகி வருகிறது; 107 ரூபாய்த் திட்டம் 2024இல் 35 நாளுக்கு இருந்தது, பிறகு நாள்கள் குறைந்தன. ஆகவே அதில் பழைய நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் நாள்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டே பணம் கட்ட வேண்டும். வீட்டிலும் வேலையிடத்திலும் டவர் கிடைப்பது உறுதியானால் முதன்மை எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். உறுதியாகத் தெரியாதவர்கள் இரண்டாவது சிம்மாகத் தொடங்குவதே சரி.

வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைத்துவிட்டு ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் எண்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் எந்தப் பயன்பாடும் இல்லாத நிலையில்தான் ஓர் எண்ணை நிறுவனம் துண்டிக்க முடியும். அப்போதும் பிரீபெய்டு கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், 20 ரூபாய்க்கு மிகாமல் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது 2013 முதல் நடப்பிலுள்ள விதி. இது எண் பறிபோகாமல் காப்பது மட்டுமே. திட்டம் முடிந்த பிறகு இன்கமிங் அழைப்பும் ஓடிபியும் தொடர்ந்து வரும் என்பதற்கு இதில் உறுதி இல்லை. ஓய்வூதியம் வரும் கணக்கோடு இணைந்த எண்ணை இந்த விதியை நம்பி மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஓராண்டுத் தொகையை ஒரே முறையில் கட்டுவதற்கு முன், புதிய நிறுவனத்தின் 28 நாள் திட்டம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது அவசியம். வேறு நிறுவனத்துக்கு மாறும்போது பழைய கணக்கில் மீதமிருக்கும் தொகையும் வேலிடிட்டியும் கூட வருவதில்லை. நிறுவனமே நின்றுபோகும் ஆபத்தும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை முடங்கியபோது, லட்சக்கணக்கானோர் தங்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள, எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான போர்ட் குறியீட்டுக்காக நாள்கணக்கில் காத்திருந்தார்கள். வோடபோன் ஐடியாவின் கடன்சுமையைப் பற்றிய செய்திகளைப் படித்து அதே அச்சத்தோடு கேட்பவர்கள் உண்டு. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ 49 விழுக்காடாக உயர்ந்திருக்கும் நிறுவனம் ஒரே இரவில் மூடப்படும் என்று நான் கருதவில்லை. என்றாலும் அங்கே ஓராண்டுக்குப் பதில் 84 நாள் திட்டத்தையே தேர்வேன்.

மாறுவது என்று முடிவெடுத்தால், ‘போர்ட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை முதல், சிம்மைப் புதிதாக மாற்றியிருந்தால் ஏழு நாள் கழிந்த பிறகே குறியீடு கிடைக்கும். வந்த குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாளுக்குச் செல்லும் என்பதால், அனுப்பிய கையோடு ஆதாரை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுவது நல்லது. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது ஒரே சேவைப் பகுதிக்குள், மூன்று வேலை நாள்களில் எண் மாறிவிடும். நடப்புத் திட்டம் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது இதைத் தொடங்கினால், கட்டிய பணமும் பெரிதாக வீணாகாது, இடையில் எண் செயலற்றும் போகாது. குறியீடு வராமலோ காரணமின்றி மறுக்கப்பட்டோ போனால், 198 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போவதற்கு அந்த எண் தேவைப்படும்.