கொண்டை ஊசி வளைவில் கேட்ட ‘டொக்’

2013இல் நுவரெலியாவில் ஒருவரிடமிருந்து வாங்கிய யூனோஸ் ரோட்ஸ்டர் இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. மாஸ்டா 1989இல் ஜப்பானில் இந்தப் பெயரில் விற்பனைக்கு விட்ட இருவர் கார் அது. வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்றால் தெரியும். 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், பின்சக்கர ஓட்டம், எடை ஏறத்தாழ 950 கிலோ. பதினொரு வருடத்துக்கு மேல் மலைநாட்டுப் பாதைகளில் ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி ஒரே ஒரு சத்தத்தைப் பற்றியது. அந்தச் சத்தம் என் நிம்மதியை ஒரு வருடத்துக்கும் மேலாகக் கெடுத்தது.

முதலில் கார் எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தபோது எஞ்சினுக்கு 120 குதிரைவலு. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிந்திருப்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு எப்படியும் போய்விடும். போனாலும் எனக்குக் குறையில்லை. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக 600 மீட்டருக்கு மேல் ஏறும் பாதையில் வேகத்தைவிட வளைவுதான் அதிகம். இரண்டாம் கியரில் வளைந்து, மூன்றாம் கியருக்கு மாற்றி, அடுத்த வளைவுக்கு மறுபடியும் இரண்டுக்கு வரும்போது கியர் லீவர் கைக்கு அடக்கமாக நகரும். அந்தச் சுகத்துக்காகவே இதை விற்க மனம் வரவில்லை. 2022இல் கார்களுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் முறையில் பங்கீடு வந்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுக்காகக் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்தேன். மழைக்காலத்தில் துணிக் கூரையும் அடித்தட்டும் ஈரத்தில் ஊறும். துருவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றபடி எஞ்சின் என்னை ஒரு நாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை.

2022ஆம் ஆண்டின் கடைசியில் சத்தம் தொடங்கியது. சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தைக் கடந்து, ஒரு வளைவுக்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கீழே ‘டொக்’ என்றது. காலை மறுபடி வைத்தேன், இன்னொரு ‘டொக்’. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதல் கியரில் நகரும்போதும் ஒரு தடவை தட்டியது. நேர்ப் பாதையில் சீராகப் போனால் ஒன்றும் கேட்காது. காதுக்கு அது என் இடது முழங்காலுக்கு அருகே, கியர் லீவருக்கு நேர் கீழே கேட்டது. அதுதான் எங்கள் எல்லோரையும் வழி தவறவைத்தது.

மூன்று கராஜ்களுக்குப் போனேன். ஓரிடத்தில் கியர் பொக்ஸ் என்றார்கள். இன்னோரிடத்தில் விசையைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜொயின்ட், அதாவது மடங்கும் மூட்டு, என்றார்கள். மூன்றாமிடத்தில் அந்த விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலை முழுதாக மாற்றச் சொன்னார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்த மாதிரிக்குப் பழைய பாகம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கொழும்பில் வாகனப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு டிஃபரென்ஷியலைக் கண்டுபிடித்து, அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவந்தேன். அன்று அதை வாங்காமல் வந்தது நான் செய்த நல்ல காரியம்.

கியர் பொக்ஸ் ஒயிலை மாற்றினேன். சத்தத்தில் மாற்றமில்லை. பிறகு பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஜொயின்ட் இறுக்கமாக இருந்தது. ஆக, கேட்ட பரிகாரங்களில் இரண்டு கழிந்தன.

அப்போதுதான் இந்தக் காரின் அடிப்பகுதியை ஒழுங்காகப் படித்தேன். இதில் கியர் பொக்ஸையும் டிஃபரென்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் ஒன்றாகப் பிணைக்கிறது. எஞ்சினிலிருந்து டிஃபரென்ஷியல் வரை எல்லாம் ஒரே முதுகெலும்பில் கட்டியதுபோல் அசையும். கால் வைத்தவுடன் தாமதமில்லாமல் கார் பாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னால் எழும் தட்டல் முன்னால் கேட்பதற்கும் அந்தச் சட்டமே காரணம் என்று நினைக்கிறேன். இரும்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டினால் மறுமுனையில் காது வைத்தவருக்குக் கேட்பதுபோல.

டிஃபரென்ஷியலின் இரண்டு கைகளும் அதிர்வைத் தாங்கும் பெரிய ரப்பர் உருளைகளில், அதாவது புஷ்களில், தொங்குகின்றன. டோர்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு ரப்பரிலும் வெடிப்பு. முப்பது வருட ரப்பர், யாரையும் குறை சொல்ல முடியாது. புது புஷ் வெளியிலிருந்து வர ஆறு வாரம் ஆனது. பொலியூரித்தேன் புஷ் போடச் சொன்னவர்களும் உண்டு. அது கல் போல இறுகி, டிஃபரென்ஷியலின் இரைச்சலை அப்படியே இருக்கைக்கு ஏற்றிவிடும் என்பதால் ரப்பரையே போட்டேன். இன்றும் அதுவே சரி என்கிறேன். சட்டத்தின் போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச்சால் சரிபார்த்தேன். தட்டலின் கனம் பாதியாகக் குறைந்தது. ஆனால் எத்தனை தடவை தட்டியதோ அத்தனை தடவையும் தட்டியது. முன்பு மரத்தில் அடித்ததுபோல் இருந்தது, இப்போது இரும்பில் அடித்ததுபோல் மெல்லியதாகக் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்கு மனம் சோர்ந்துவிட்டது.

விடை கொடுத்தவர் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா. ரோலர் ஓடும்போது நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைப் பேரிங் கூட்டில் ஊன்றி, எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லக்கூடியவர். காரை ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிக் கல் வைத்து, எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போடச் சொன்னார். பின்சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினார். உள்ளே, சக்கரத்தைச் சுழற்றும் அச்சை, சக்கரம் பூட்டப்படும் ஹப்போடு இறுக்கும் பெரிய நட் தெரிந்தது.

“தம்பி, பாதி விரல் நட்டிலும் பாதி விரல் ஹப்பிலும் படுகிறமாதிரி வையுங்கள். நான் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுகிறேன். காதை மறந்துவிடுங்கள்” என்றார்.

வலது பக்கத்தில் நட்டும் ஹப்பும் ஒன்றாக நகர்ந்தன. இடது பக்கத்தில் ஹப் ஒரு மயிரிழை முன்னே போனது, நட் நின்றது. நகக்கண்ணில் சுருக்கென்று ஒரு தட்டல் இறங்கியது. அந்தத் தட்டலோடு சேர்ந்து முன்னால் கியர் லீவருக்குக் கீழிருந்து ‘டொக்’ என்று கேட்டது. கண்ணுக்கு எட்டாத அந்த அசைவு விரலுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததை என்னால் மறக்க முடியாது.

மாமா நட்டைச் சுற்றி டோர்ச்சைப் பிடித்தார். வாஷரின் விளிம்பில் மெல்லிய வளையமாகச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தது. மழைத்துரு தடித்துப் பொருக்காக இருக்கும். இதுவோ முகப்பவுடர் போல விரலில் ஒட்டியது. இரும்பும் இரும்பும் நுண்ணியதாக உராய்ந்தால்தான் இப்படிச் சிவப்புத் தூள் வரும் என்றார். தொழிற்சாலையில் அச்சோடு பூட்டும் இரும்புச் சாவி தளர்ந்த ஒவ்வொரு கப்பியிலும் இதைப் பார்த்திருக்கிறாராம்.

பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சத்தம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன் அந்தச் சக்கரத்தின் பேரிங் மாற்றப்பட்டிருந்தது. மாற்றிய இடத்தில் பழைய நட்டையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். இந்த நட்டின் உதட்டை அச்சின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கி, கழன்றுவிடாமல் பூட்ட வேண்டும். ஒரு தடவை மடக்கிய உதடு மறுபடி அதே பிடியைத் தராது. போதிய இறுக்கமும் இல்லாததால், அச்சின் பல்வரிசை ஹப்பின் பல்வரிசைக்குள், ஒவ்வொரு முறை விசை திசை மாறும்போதும் இடித்திருக்கிறது.

அச்சை வெளியே இழுத்துப் பல்வரிசையைத் துடைத்துப் பார்த்தோம். மினுக்கம் இருந்தது, தேய்வில்லை. தேய்ந்திருந்தால் ஹப்பையும் மாற்ற வேண்டி வந்திருக்கும். துப்புரவாக்கி, அச்சு முனையிலுள்ள ஜொயின்டின் முகப்பில் மெல்லிய கிரீஸ் பூசி, புது நட் போட்டு, சக்கரம் தரையில் இருக்க, 29 மில்லிமீட்டர் சொக்கெட்டால் இறுக்கினோம். இதற்கு 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோவுக்கு மேல் பாரம் தொங்குவதற்குச் சமம். சாதாரண ஸ்பானரைக் கையால் இழுத்து எட்டக்கூடிய இறுக்கமல்ல. நட்டின் விலை நான் ஒயில் மாற்றியதைவிடக் குறைவு.

அன்று மாலையே கொட்டகலையிலிருந்து நானுஓயா வரை ஓட்டினேன். வளைவுக்கு வளைவு வேண்டுமென்றே காலை எடுத்து எடுத்து வைத்தேன். எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான். நானுஓயாவில் நிறுத்தி மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது.

அதன்பின் 9,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வலது பக்கத்துக்கும் புது நட் போட்டு, இரண்டு நட்டிலிருந்தும் ஹப்பின் மேல்வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம். நட் நகர்ந்தால் கோடு உடையும். ஒயில் மாற்றும்போதெல்லாம் நடு மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன். போன மாதம் பார்த்தபோதும் இரண்டு கோடுகளும் நேராகவே இருந்தன.