பாஸ்ட் பேப்பரா, கரண்ட் பில்லா?

கொழும்பு வெள்ளவத்தையில் பதினோராம் தரத்துக்குக் கணித டியூஷன் எடுக்கிறேன். பெற்றோர் முதலில் கேட்பது, "எத்தனை பாஸ்ட் பேப்பர் செய்விப்பீங்கள், சேர்?" நியாயமான கேள்விதான். பத்து வருட வினாத்தாள் செய்த பிள்ளைக்கு வேகம் வரும், படிமுறைக்கான புள்ளியும் தவறாது.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பினால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 18 சதவீத வற் வரியோடு பில் 1180 ரூபா. வரிக்கு முந்திய விலை என்ன? 1180இலேயே 18 சதவீதத்தைக் கழித்து 967.60 என்று எழுதுகிறார்கள். 1000 என்பது நேரே தெரிவதில்லை.

அப்படியானால் புத்தகத்தில் வரும் கதைக்கணக்கு போதாதா? போதாது. அமெரிக்காவில் நடந்து 1983இல் முடிவு வெளியான ஒரு மதிப்பீட்டில், 1128 படையினரை ஏற்ற, 36 பேர் கொள்ளும் பஸ் எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். 32 என்ற சரியான விடையை விட "31, மீதி 12" என்று எழுதியவர்கள் அதிகம். மீதி 12 பேர் நடந்தா போவார்கள்? கதை சும்மா உறைதான் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே உண்மையான கரண்ட் பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு வீட்டில் 59 யூனிட், இன்னொன்றில் 62. மூன்று யூனிட்டுக்கு இவ்வளவு வித்தியாசமா? மாதம் 60ஐத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுக்கும் வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். இதை அவர்களே கண்டுபிடித்தார்கள். 10 வாட்ஸ் பல்பு இரண்டை தினமும் 5 மணித்தியாலம் அணைத்தால் 30 நாளில் 3 யூனிட் மிச்சம் என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். எந்தப் பேப்பரிலும் இப்படி ஒரு கேள்வியை நான் கண்டதில்லை.

விலை இல்லாமல் இல்லை. இரண்டு வகுப்பு போய்விட்டது. கட்டணம் மாறினால் என் குறிப்பும் பழசு. அதனால் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் பேப்பர்தான், அதற்கு முன் பில். என் கட்சி இதுதான்.

அப்புறம், எல்லாப் பிள்ளையிடமும் பில் இருக்காது. அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் ஒருவன், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குகிறார் என்றான். வாங்குவது சரியா என்று பார்க்கக் கொப்பியைத் திறந்தான். அந்தக் கணக்கை மட்டும் நான் போர்ட்டில் போடவில்லை.