சிறுபான்மையினர் உரிமைகள் குறித்த இணையவழிப் படிப்பு: ஒரு மதிப்புரை

சிறுபான்மையினரின் உரிமைகளை அரசமைப்புச் சட்டம் எவ்வாறு காக்கிறது என்பதைச் சட்டம் பயிலாதவர்களுக்கும் விளக்கும் இணையவழிப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். பெரும்பான்மையின் வாக்குகளால் அமைந்த நாடாளுமன்றமே ஒரு சமூகத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றினால் அதைத் தடுப்பது யார் என்ற கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டு பாடங்கள் நகர்வதே இதன் பெரிய பலம்.

இலங்கை விடுதலை பெற்றபோது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பைப் பற்றிய பாடம் மிகச் சிறப்பானது. எந்தவொரு சமூகத்துக்கும் சமயத்துக்கும் உரியவர்களுக்கு மட்டும் தனியாகப் பாதகமோ சலுகையோ அளிக்கும் சட்டத்தை அதன் 29(2) பிரிவு தடுத்திருந்தது. ஆயினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், எச்சமூகத்தின் பெயரையும் சொல்லாமல், தலைமுறைக் கணக்கில் பிறப்பிடச் சான்று கேட்டே மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதை எதிர்த்த வழக்கு, அன்று இலங்கையின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது; 1972இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் அப்பிரிவே இல்லை. பிரிவின் வாசகத்தையும் தீர்ப்பையும் அருகருகே வைத்து, காப்பு எந்த இடத்தில் நழுவியது என்று ஆசிரியர் நிதானமாகக் காட்டுகிறார். இந்த ஒரு பாடத்துக்காகவே படிப்பில் சேரலாம்.

அதற்கு மறுபக்கமாக வருவது கேரளப் பள்ளி வழக்கு. தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கையால் பாட மறுத்ததற்காக நீக்கப்பட்ட யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவரை மீண்டும் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 1986இல் உத்தரவிட்டது. அவர்களுக்குக் கைகொடுத்தவை சிறுபான்மையினருக்கென்றே எழுதப்பட்ட பிரிவுகள் அல்ல. எல்லோருக்கும் பொதுவான பேச்சுரிமையும் சமய உரிமையுமே. இவ்வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

தனிமனிதருக்கன்றி ஒரு சமூகத்துக்கென்றே அளிக்கப்படும் குழு உரிமைகளைப் பற்றிய பகுதிதான் ஏமாற்றம் தருகிறது. கனடாவில் மொழிச் சிறுபான்மையினரான பெற்றோருக்கு, போதிய எண்ணிக்கை இருக்குமிடத்தில், பள்ளி நிருவாகத்திலும் பங்குண்டு என்ற 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பு நன்றாகவே விளக்கப்படுகிறது. ஆனால், சமய, மொழிச் சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையளிக்கும் இந்திய அரசமைப்பின் 30ஆவது பிரிவு அவசரமாகக் கடக்கப்படுகிறது. அந்த உரிமைக்காக ஒருவர் சிறுபான்மையினரா என்பதை மாநில அளவில்தான் கணிக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு 2002இல் கூறியதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. ஒரு மாநிலத்தில் பெரும்பான்மையாக உள்ள மொழியினர் எல்லை கடந்தால் சிறுபான்மையினராகும் நாட்டில் இது சிறிய விடுபடல் அன்று.

பயிற்சித் தேர்வுகள் ஆண்டுகளையும் பிரிவு எண்களையும் மட்டுமே கேட்கின்றன. இத்தனை நல்ல பாடங்களுக்கு அவை பொருந்தவில்லை. இதழியலாளர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இப்படிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சட்ட மாணவர்கள் 30ஆவது பிரிவு குறித்த தீர்ப்புகளைத் தனியே படித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.