கோடை ரேஸுக்கு எலக்ட்ரால் போதுமா?

அக்னி நட்சத்திர நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை ஆறு மணிக்கே சைக்கிள் ரேஸைத் தொடங்கினாலும், முடிப்பதற்குள் ஹெல்மெட் வாரில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். விடியற்காலையில் வெயில் குறைவு, ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வேகமாக மிதிப்பவருக்கு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை போவது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையோடு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியமும் போகிறது. அதை ஈடுகட்ட இறக்குமதி எலக்ட்ரோலைட் மாத்திரைகளைத்தான் பலர் தேடுகிறார்கள். அந்த ஒரு டப்பாவின் விலைக்கு மருந்துக் கடையில் எலக்ட்ரால் பாக்கெட்டுகளை, அதாவது வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். தூளை, டஜன் கணக்கில் வாங்கலாம். ரேஸுக்கு அது சரிப்படுமா?

உப்பு என்ற அளவில் தாராளமாகச் சரிப்படும். சாப்பாடு என்ற அளவில் போதாது.

எலக்ட்ராலைத் தயாரிக்கும் எஃப்.டி.சி. நிறுவனத்தின் 21.8 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாதான்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. கணக்குப் போட்டால் லிட்டருக்குச் சோடியம் மட்டும் சுமார் 1,700 மில்லிகிராம். கடையில் பாட்டிலாக விற்கும் விளையாட்டுப் பானங்களில் பெரும்பாலும் 400, 500 மில்லிகிராம்தான் இருக்கும். உப்பாக வியர்க்கிறவர்களுக்கு, அதாவது கறுப்பு ஜெர்சியில் வெள்ளைத் திட்டு விழுகிறவர்களுக்கு, இந்த வித்தியாசம் ரேஸின் இரண்டாம் பாதியில் நன்றாகவே தெரியும்.

குறை குளுக்கோஸில்தான். 13.5 கிராம் என்பது வெறும் 54 கலோரி. வயிற்றுப்போக்கில் குடலுக்குள் சோடியத்தைக் கூட்டிச் செல்வதற்காகச் சேர்த்த அளவு அது. மிதிக்கிற காலுக்குக் கணக்கிட்டதல்ல. இரண்டு மணி நேர ரோடு ரேஸில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் சேர்த்தி) உள்ளே போக வேண்டும். எலக்ட்ராலை மட்டும் நம்பி 80 கிலோமீட்டர் ஓட்டினால் உப்பு இருக்கும், பெட்ரோல் இருக்காது. தனியாக நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் 20 கிலோமீட்டர் டைம் ட்ரையலுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அரை மணி நேரத்துக்கு உடம்பில் இருக்கிற இருப்பே போதும்.

ரோடு ரேஸுக்குக் கலக்கும் அளவு இது. 620 மில்லி பாட்டிலுக்கு 600 மில்லி தண்ணீர், 200 மில்லிக்கான சின்ன எலக்ட்ரால் பாக்கெட் (4.4 கிராம்) இரண்டு, சர்க்கரை 30 கிராம். தராசு இல்லையென்றால் தலைதட்டிய ஏழு டீஸ்பூன் சர்க்கரை. இதில் சுமார் 700 மில்லிகிராம் சோடியமும் 35 கிராம் மாவுச்சத்தும் கிடைக்கும். மூன்று பாக்கெட் போட்டால்தானே 600 மில்லிக்குச் சரி என்று கேட்கலாம். மூன்று பாக்கெட்டோடு இவ்வளவு சர்க்கரையும் சேர்ந்தால் கரைசல் இரத்தத்தைவிட நன்றாகவே அடர்த்தியாகிவிடும். வயிற்றிலேயே தங்கிக் குலுங்கும், குமட்டும். இரண்டோடு நிறுத்தினால் அடர்த்தி இரத்தத்துக்குக் கிட்டத்தட்ட வரும், சீக்கிரம் உள்ளே இறங்கும். இந்தத் திருத்தம் ரேஸுக்கு மட்டும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவை மாற்றவே கூடாது.

கலக்குவதிலும் முறை இருக்கிறது. முதலில் பாதித் தண்ணீர், பிறகு தூள், மூடிக் குலுக்கிய பின் மீதித் தண்ணீர். காலிப் பாட்டிலில் தூளை முதலில் கொட்டினால் அடி மூலையில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்; கடைசி மடக்கு கடல் தண்ணீராக இருக்கும். குளிர்ச்சி வேண்டுமென்று கலந்த பாட்டிலை அப்படியே ஃப்ரீசரில் வைப்பவர்கள் உண்டு. அது தவறு. உறைந்த கரைசல் உருகும்போது உப்பும் சர்க்கரையும் முதலில் இறங்கிவிடும்: ஆரம்பத்தில் திகட்டும், கடைசியில் சப்பென்ற பனிக்கட்டித் தண்ணீர். 200 மில்லி வெறும் தண்ணீரை மட்டும் பாட்டிலைச் சாய்த்து வைத்து உறையவிடுங்கள். காலையில் மீதி 400 மில்லியில் தூளையும் சர்க்கரையும் கரைத்து அதன்மேல் ஊற்றுங்கள். இரட்டைச் சுவர் பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது. வெந்நீர் போலச் சூடான எலக்ட்ராலை எவராலும் குடிக்க முடியாது, குடிக்காத பானத்தால் பயனும் இல்லை.

பாக்கெட்டைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஜெர்சியின் பின்பையில் அப்படியே செருகினால் வியர்வையில் ஊறிவிடும். ஈரக் கையால் கிழித்தால் பாதித் தூள் கையில் ஒட்டும். சர்க்கரையோடு சேர்த்து ஜிப் கவரில் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வதுதான் வழி. பெரிய பாக்கெட்டைப் பிரித்து மீதியை நாளைக்கென்று மடித்து வைக்காதீர்கள். சென்னைக் காற்றில் ஒரே இரவில் கட்டிவிடும்.

சைக்கிளுக்கும் இதனால் சேதம் உண்டு. பாட்டிலின் வாய்ப்பகுதியில் ஒழுகுவது டவுன்ட்யூப் (ஃப்ரேமின் சாய்ந்த கீழ்க்குழாய்) வழியாக இறங்கி, பாட்டிலைச் செருகும் கேஜின் போல்ட் தலையில் காய்ந்து நிற்கும். உப்பும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால் போல்ட் இறுகிப்போகும். ஆலன் கீ வழுக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. ரேஸ் முடிந்ததும் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை அங்கே ஊற்றுங்கள், போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். பாட்டில் மூடியின் வால்வைக் கழற்றி அன்றைக்கே கழுவாவிட்டால் சாயங்காலம் எறும்பு, அடுத்த வாரம் கறுப்புப் பூஞ்சை.

இரண்டாவது கேஜில் வெறும் தண்ணீர் இருக்கட்டும்; கழுத்தில் ஊற்றவும் அதுதான். ஆனால் தாகம் எடுக்காமலே வெறும் தண்ணீரை மடக்கு மடக்காகத் தள்ளக் கூடாது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெயில் தாக்கியதாக நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கலவையைத் தொட வேண்டாம்.

வாங்கும்போது பவுடரைக் கேட்டு வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் டெட்ரா பேக்கில் வந்த பழ பானங்கள் வேறு சங்கதி. அவற்றில் சர்க்கரைதான் தூக்கல். ஃபார்முலாவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

எலக்ட்ரால் எந்தத் திருத்தமும் இல்லாமல் பொருந்துவது ரேஸுக்குப் பிறகுதான். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, லிட்டருக்கு ஒரு பெரிய பாக்கெட் என்ற முழு அளவில், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கூடவே இட்லியும் சாம்பாரும் சாப்பிடுகிறவர்கள் பாதியை வெறும் தண்ணீராகவே குடிக்கலாம். மீதி உப்பு சாம்பாரில் வந்துவிடும்.