ஒராதூரா, ஷாம்போனா?

பிரான்சில் இரண்டாம் உலகப் போரின் நினைவைச் சுமக்கும் இந்த இரண்டு கிராமங்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

லிமோஜ் நகருக்கு அருகிலுள்ள ஒராதூர்-சுர்-கிளானில், 1944 ஜூன் 10 அன்று நாஜி எஸ்.எஸ். படை 640-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீவைத்தார்கள். இடிந்த ஊரை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். துருப்பிடித்த தையல் இயந்திரங்கள், டிராம் தண்டவாளம், உருகிக் கட்டியாகிப்போன கோயில் மணி எல்லாம் இன்றும் இருக்கின்றன. விளக்கம் சொல்ல ஆளே தேவையில்லை.

லே ஷாம்போன்-சுர்-லின்யோனில் இப்படிக் கண்ணில் படுவது குறைவு. பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மேயும் சுற்றுவட்டார விவசாயிகளும் ஆயிரக்கணக்கான யூதர்களை நாஜிகளிடம் சிக்காமல் வீடுகளிலும் பண்ணைகளிலும் ஒளித்துவைத்தார்கள். ஒளித்த இடத்தில் தடயம் எங்கே மிஞ்சும்? அதனால் 2013-இல் திறந்த நினைவகத்தில்தான் தொடங்க வேண்டும். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள்; கத்தோலிக்க பிரான்சில் அவர்களுடைய முன்னோரே மதத்துக்காக வேட்டையாடப்பட்டவர்கள். அது தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

என் ஓட்டு ஷாம்போனுக்கு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் வெறும் மலையூராகத்தான் தெரியும்.