போர்க்களச் சுற்றுலா என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: வேலூர், ராணிப்பேட்டை மக்கள் கவனத்துக்கு

வேலூர், ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர் என்று பழைய போர் நடந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்க ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அட்டையில் ஆற்காட்டின் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் படம். கைடு கூட வரமாட்டார். மேப்பும் ஒலிப்பதிவும் போனுக்கு வந்துவிடும், நாமே நம் வசதிக்குப் போய்ப் பார்க்கலாம், எல்லா இடத்துக்கும் அனுமதி அவர்களே வாங்கித் தருவார்கள் என்று சொல்கிறார்கள். அண்ணன் பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்ததால் நான்கு பேருக்கு 3,200 ரூபாய் ஜிபேயில் போட்டேன். அதில் 1,400 ரூபாய் 'கோட்டை நுழைவு அனுமதி'.

வேலூர்க் கோட்டைக்குள் போகக் கட்டணமே கிடையாது. மியூசியத்துக்கு மட்டும் சின்னத் தொகை, அதையும் அங்கே நாங்கள்தான் கட்டினோம். டெல்லி கேட்டிலும் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "அது சர்வீஸ் சார்ஜ் சார், திரும்ப வராது" என்றார் ஒருவர். அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணம் போனது ஒரு பக்கம். அந்த ஒலிப்பதிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திப்பு சுல்தானை வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள் என்கிறது. திப்பு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே போரிட்டு இறந்துவிட்டார். இங்கே கொண்டுவந்து வைத்தது அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும். 1806இல் இங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துச் செய்த புரட்சிக்குக் கொழுப்பு தடவிய தோட்டாதான் காரணம் என்கிறது. அது 1857 விவகாரம். வேலூர்ச் சிப்பாய்கள் கொதித்தது, நெற்றியில் திருநீறோ நாமமோ வைக்காதே, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு வந்ததால். ஜூலை 10 விடியுமுன் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். பிடிபட்டவர்களில் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் கோட்டைக்குள் நின்றுகொண்டு பிள்ளைகள் இப்படி ஒரு பொய்யைக் கேட்க வேண்டியிருந்தது. அண்ணன் மகள் ஒலிப்பதிவில் வந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். மக்கான் சிக்னல் நினைவுத்தூண் அருகே உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.

வந்தவாசிக்கும் அதே கதைதான். 1760 ஜனவரியில் லாலியின் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். பதிவு கிளைவ் என்கிறது. கிளைவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1751 ஆற்காடு முற்றுகை. கோட்டைக்குள் அவரும் அவர் ஆட்களும் 50 நாள் தாக்குப்பிடித்தார்கள். கடைசித் தாக்குதலில், முற்றுகையிட்ட ராஜா சாகிப் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டை வாசலை உடைக்க அனுப்ப, அவை துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு திரும்பி அவருடைய ஆட்களையே மிதித்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டிருப்பார்கள். இதைப் பற்றிப் பதிவில் ஒரு வரி இல்லை.

சோளிங்கரில் மேப் எங்களை மலைக்கோயில் ரோப் கார் வரிசையில் கொண்டுபோய் விட்டது. 1781 செப்டம்பரில் கூட் படையும் ஹைதர் அலி படையும் மோதிய ஊர் அது. 'போர் நினைவிடம்' என்று பின் குத்தியிருந்த இடத்தில் தேங்காய், பூ விற்கும் கடைகள்தான் இருந்தன.

ஒழுங்காகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே வேலூர்க் கோட்டையை முடித்துவிட்டு பஸ்ஸில் ஆற்காடு போங்கள். டெல்லி கேட் பாலாற்றங்கரையில் இருக்கிறது, யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வந்தவாசியை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் எல்லாம் என்று அவர்கள் சொல்வது நடக்காது.

போன வாரம் அதே படத்தோடு வேறு பெயரில், வேறு நம்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. ஏற்கெனவே பணம் போட்டவர்கள் ஜிபே ரசீதையும் சாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கியிலும் சொல்லிவிடுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன்.