சிஏ 125-ஆ, எச்இ 4-ஆ?

சினைப்பையில் கட்டி என்று ஸ்கேன் சொன்னதும் எழும் கேள்வி இது. இரண்டும் அது புற்றுநோயா என்று கணிக்க ரத்தத்தில் அளக்கும் புரதங்கள்.

அனுபவம்: சிஏ 125 1981-இல் கண்டறியப்பட்டது, வழக்கமான வரம்பு 35 யூனிட். எச்இ 4 பிந்தி வந்தது.

வீண் பீதி: சிஏ 125 சறுக்குவது இங்கேதான். மாதவிலக்கு, கர்ப்பம், நார்க்கட்டி, வயிற்றுக் காசநோய் என எதுவும் அதை ஏற்றிவிடும். எண்டோமெட்ரியோசிஸில் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) 200-ஐத் தாண்டிய தாளைப் பார்த்து வீடே கலங்குவதும் உண்டு. அங்கே எச்இ 4 பெரும்பாலும் அசையாது. ஆனால் சிறுநீரகக் கோளாறும் புகைப்பழக்கமும் வயதும் அதை உயர்த்தும்.

ஆரம்ப நிலை: முதல் கட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு சிஏ 125 உயர்வதில்லை. சளி சுரக்கும் வகைக் கட்டியில் இரண்டுமே சுமார்தான்.

மாதவிலக்கு நிற்காதவர்கள் எச்இ 4-ஐயும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிகிச்சைக்குப் பின் கண்காணிக்க, முன்பு உயர்ந்திருந்தால், சிஏ 125 போதும்.